நல்லதையும் சொல்லலாமாம்

செப். 7, திங்கள்

காலையில் வெயில். பத்து மணிக்குப் பிறகு தூறல். கொடியில் போட்ட உடுப்பெல்லாம் இரண்டு தரம் உள்ளே வந்து இரண்டு தரம் வெளியே போயிற்று.

செய்ய வேண்டியவை:
மோர்டனில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோ: ஆரத்தி வரைக்கும் வெட்டி ஒட்டியாயிற்று. கேக் மிச்சம். மாமன்காரன் மூக்குச் சிந்துகிற இடத்தை விடுவதா, எடுப்பதா?
மகள் ஆரணிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து. போன வருடத்தது கடிக்கிறதாம்.
வெங்காயம். பால். தலையணை உறை ஒன்று.

தலையணை உறை சுகந்திக்கு. வந்து ஒரு கிழமைக்கு மேல். இன்னும் தன் துவாயை விரித்துத்தான் தலை வைக்கிறாள். எண்ணெய்த் தலையாம், தலையணை ஊத்தையாகிவிடுமாம். புது உறை ஒன்று அவளுக்கென்று கொடுத்தால் துவாயை எடுப்பாளோ என்று ஒரு யோசனை.

அவள் எனக்குப் போன் எடுத்ததை இன்னும் எழுதவில்லை. கிழக்கு லண்டன் பார்க்கிங்கில், தெருவோரப் போன் பெட்டியிலிருந்து. "அக்கா, நான் கேதீஸின்ர வைஃப். நீங்கள்தான் எங்கட ரிசெப்சன் வீடியோ செய்தனீங்கள்." நான், "இன்னொரு கொப்பி வேணுமோ பிள்ளை?" என்று கேட்டேன். வேறு எதற்கு எங்களுக்கு எடுப்பார்கள்? அந்தப் பக்கத்தில் அழுகை.

லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல். அவனுடைய ஆட்களை விட்டால் அவள் கைக்கு எட்டிய ஒரே நம்பர், டிவிடிப் பெட்டியின் பின்பக்கம் நாங்கள் அடித்திருக்கிற நம்பர். அந்த மட்டையைச் செய்தபோது "நம்பரைப் பெரிசாப் போடுங்கோ" என்று இவரோடு சண்டை பிடித்தது நான். வியாபாரத்துக்காக.

அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியும். மூன்று கிழமை அவளுடைய முகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டு மேல் அறையில் இருந்தவள் நான். வெட்கம் வந்தால் இடது காதைத் தொடுவாள். கமெரா தன்னை விட்டுப் போய்விட்டது என்று நினைக்கும்போது செருப்பைக் கழற்றிக் காலால் காலைச் சொறிவாள். நேரில் அவளை ஸ்டேசனில் கண்டபோது, இடது காதில் கை. உடனே பிடித்துவிட்டேன்.

பெண்களுக்கான விடுதி இரண்டில் கேட்டாயிற்று. பெனிபிட், அரசாங்க உதவிப் பணம், எடுக்க ஏலாத விசா என்றால் வாடகை கட்ட ஆளில்லை, இடமில்லை. சரி, ஆரணியின் அறை.

ஆரணி: "இட்ஸ் ஓகே அம்மா, சுகி அக்கா இஸ் ஸோ குவயட். என்ட அலாம் அடிக்க முதலே எழும்பிப் படுக்கையை மடிச்சிட்டு இருக்கிறா. இட்ஸ் கைண்ட ஸாட்."

மாமன்காரன் மூக்குச் சிந்துவது இருக்கட்டும். அதுதான் அந்த வீடியோவில் உண்மையான ஒரு இடம்.

செப். 9, புதன்

மழை இல்லை. காற்று.

சுகந்தியோடு லோயரிடம். ரூட்டிங்கில் ஒரு கோழிக்கடைக்கு மேல் மாடி. சீக்கியப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். மேசையில் பாதி சாப்பிட்ட சமோசா. மொழிபெயர்ப்புக்கு நான்.

இப்படி ஒரு விதி இருக்கிறதாம். கணவனின் விசாவில் வந்த பெண், அந்த விசாவின் இரண்டு வருடத்துக்குள் அவன் அடித்துத் துன்புறுத்தியதால் குடும்பம் உடைந்தது என்று காட்டினால், அவன் கையெழுத்து இல்லாமலே இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு பட்டமும் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. எத்தனை மணமகள்களை எடிட் செய்திருப்பேன். ஒருத்திக்கும் தெரிந்திருக்காது.

சுகந்தியின் விசா ஜனவரியில் முடிகிறது. அதற்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போகச் சொல்வார்கள். எங்கே? தாயும் தம்பியும் வவுனியா முகாமில், கூடாரத்தில். வீடு இருந்த காணி யாருடைய கையில் என்று யாருக்கும் தெரியாது.

காட்ட வேண்டியது இரண்டு. ஒன்று, அடித்தான் என்பது. அதற்கு டொக்டரின் கடிதம் இருக்கிறது (கூட வந்த மச்சாளை, கேதீஸின் சகோதரியை, "நீங்கள் வெளியில் இருங்கள்" என்று சொன்ன புண்ணியவதி). பக்கத்து வீட்டார் கூப்பிட்டுப் பொலிஸ் வந்த பதிவும் இருக்கிறது. மற்றது, அது உண்மையான கலியாணம், அடியால்தான் உடைந்தது என்பது. அதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கடிதம், பில் எல்லாம் கேதீஸின் பெயரில். அல்பம், டிவிடி அவன் வீட்டில். போதாததற்கு விசா கொடுக்கிற கந்தோருக்கு அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்: இவள் விசாவுக்காக மட்டும் என்னைக் கட்டியவள், ஒரு நாளும் எனக்கு மனைவியாக இருந்ததில்லை.

லோயர், போன கிழமை இவர் கூட்டிக்கொண்டு வந்தபோது சுகந்தி கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் புரட்டினார். "இதில் முதல் நாளிலிருந்தே அவரைப் பிடிக்கவில்லை, எல்லாம் வேதனை என்று இருக்கிறது. அவரும் அதைத்தானே சொல்கிறார்?"

தமிழில் சொன்னேன். சுகந்தி மேசையைப் பார்த்தபடி.

"கேளுங்கள். ஆரம்பத்தில் ஏதாவது நல்லது இருந்ததா?"

நான் கேட்டு முடிக்க முன்னமே, "இல்லை" என்றாள்.

லோயர் பேனையை மூடி வைத்தார். கோபமில்லை. களைப்பு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதுக்குள், "சரியாச் சொன்னனானே அக்கா?"

பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் குரல்.

செப். 10, வியாழன்

இவரிடம் கேட்டேன். "அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"என்ன சொல்றது. கேஸ் எண்டால் எப்பிடிக் கதைக்கவேணும் எண்டு சொன்னனான்."

"எப்பிடி?"

"நல்லது ஒண்டும் வாயில வரப்படாது. அழுகை வந்தால் மறைக்கப்படாது. கேட்டதுக்கு மட்டும் பதில். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே விசா எடுத்தது?"

இது இவருடைய பாடம் மட்டுமில்லை. அகதி விண்ணப்பம் எழுதிய எங்கள் ஆட்கள் எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறது. இவர் கொழும்பில் லொட்ஜில் கிடந்த நாட்களில் ஒரு நாள் கிரிக்கெட் பார்க்கப் போனதை இங்கே நேர்முகத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதனால்தான் முதல் தரம் மறுத்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறார். அதற்குப் பிறகு, சந்தோஷமாக இருந்த ஒரு நாளைக்கூட எந்தக் கந்தோரிலும் சொன்னதில்லை. கவுன்சிலில் வரி கட்டப் போனாலும் செத்த வீட்டு முகம்.

"இது அகதிக் கேஸ் இல்லையப்பா. குடும்பக் கேஸ். வாழ்ந்தவள் எண்டு காட்டவேணும்."

குடிக்க எடுத்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு: "அப்ப அந்தப் பிள்ளையின்ர கேஸை நான் கெடுத்துப்போட்டனே?"

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

பிறகு கேட்டேன், அந்த ரிசெப்சன் கசெட் இருக்குமா என்று. நாங்கள் டிவிடி கொடுத்து ஒரு வருடம் வைத்திருப்போம், பிறகு அதற்கு மேலேயே அடுத்த விழாவைப் பதிந்துவிடுவோம். எல்லா வீடியோக்காரரும் செய்வதுதான்.

"மேல அடிச்சிருப்பன். இருந்தாலும் நல்லா யோசியும். சனம் எங்களைக் குசினிக்குள்ள விடுது, பொம்பிளை உடுக்கிற அறை வாசல் வரைக்கும் விடுது. ஏன்? கண்டதை வெளியில கொண்டுபோகமாட்டம் எண்டுதானே. வீடியோ எடுக்கச் சொன்னது கேதீஸ். அவனைக் கேளாமல்..."

"அதில அவளும்தானே நிக்கிறாள்."

"நிக்கிறாள்தான்." ஆனால் எழும்பவில்லை.

அவர் சொல்வதும் பிழையில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

செப். 12, சனி

வேலை இல்லாத சனி. மே மாதத்துக்குப் பிறகு எல்லாச் சனியும் ஏறக்குறைய இப்படித்தான். ஊரில் போரில் அவ்வளவு பேர் செத்த பிறகு மண்டபம் எடுக்கச் சனத்துக்கு மனமில்லை. பிழை சொல்ல ஏலாது.

சுகந்தி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர் வயர் சுற்றிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வீடியோ அண்ணை, நான் கேதீஸ். சுகமே?"

வெங்காயக் கத்தி நின்றது.

நல்ல குரல். மரியாதையான குரல். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே சிற்றிசன் எடுத்தவன், பார்க்கிங்கில் கடை. வியாபாரம் எப்படி, பிள்ளை என்ன படிக்கிறா என்றெல்லாம் விசாரிப்பு. பிறகு: "எங்கட ரிசெப்சன் கசெட் உங்களிட்ட இருக்கோ அண்ணை?"

"ஏன் தம்பி?"

"இருந்தால் தாங்கோ, வந்து எடுக்கிறன். உங்கட கொம்பியூட்டரில இருக்கிறதையும் அழிச்சுவிடுங்கோ. அவள் விட்டிட்டுப் போட்டாள். அவளின்ர மூஞ்சி இருக்கிற ஒண்டும் எங்கயும் இருக்கப்படாது."

இவர் வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குசினிப் பக்கம் பார்க்கவே இல்லை, அதற்கு அவரைக் கும்பிடலாம்.

"நாங்கள் ஒரு வருசம் போனால் மேல அடிச்சிடுறது தம்பி. தெரியும்தானே."

"அப்ப இல்லை?"

"கொம்பியூட்டரில ஒண்டும் இல்லை. கசெட்டும் அனேகமா இருக்காது."

பொய்யில்லை. அந்த நேரம் நாங்கள் நம்பியதும் அதுதான்.

போனை வைத்த பிறகு வெங்காயம் திரும்ப ஆரம்பித்தது. மிக மெல்லிசாக. இவர் நின்ற இடத்திலேயே நின்று சொன்னார்: "இருவது வருசமா முகம் எடுக்கிறன். இன்னும் ஒரு படம் எடு அண்ணை, வடிவா எடு அண்ணை எண்டுதான் கேட்டிருக்கினம். அழி எண்டு கேட்டது இவன் ஒருத்தன்தான்."

ஏணியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனார். பசி என்று கூடச் சொல்லவில்லை.

செப். 13, ஞாயிறு

இருந்தது!

நேற்று மிச்ச நாள் முழுக்கவும் இன்று பாதிக் காலையும். பழைய கசெட்டுகளின் லேபலுக்கு மேல் லேபல், அதற்கு மேல் இன்னொன்று. நகத்தால் உரித்து உரித்துப் பார்த்தோம். ஆரணியும் வந்து இருந்து உரித்தாள். ("அப்பா, திஸ் இஸ் லைக் ஆர்க்கியோலஜி.") "ஜெயன் முதலாவது பிறந்தநாள்" என்ற லேபலுக்குக் கீழே கேதீஸ் – சுகந்தி, இவருடைய கோழிக்கிறுக்கல்.

முழுவதும் இல்லை. முக்கால்வாசிக்கு மேல் ஜெயன். தொப்பியைக் கழற்றி எறிகிறான், கேக்கைக் கண்டு வீரிட்டுக் கத்துகிறான், பிறகு கறுப்பு. கறுப்புக்குப் பிறகு, ரிசெப்சன் நடந்த மோர்டன் மண்டபம்.

கடைசிப் பகுதி. நாங்கள் குப்பை என்று சொல்வது. விழா முடிந்து இவர் சாப்பிடப் போகும்போது கமெராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போவார், சில நேரம் நிறுத்த மறப்பார். நான் அதை எல்லாம் பார்க்காமலே வெட்டி எறிவது. இதையும் அப்படித்தான் எறிந்திருக்கிறேன்.

சுகந்தியைக் கேட்டேன், "பாக்க ஏலுமே பிள்ளை? இல்லாட்டி நாங்கள் மட்டும் பாக்கிறம்." வந்தாள். கதவைத் திறந்தபடி விட்டு, கதவடியில் நிலத்தில் இருந்தாள்.

பாதி மேசை. காற்றுப் போன பலூன். யாரோ கதிரை அடுக்குகிற சத்தம். மேசையில் சுகந்தி, றோஸ் நிறச் சேலை, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. கேதீஸ் வருகிறான். கோட் இல்லை, சேட்டுக் கை மடித்து.

"என்ன?"

"தலை இடிக்குது. கொண்டை ஊசி எல்லாம் குத்துது."

அவன் ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு இருக்கிறான். ஒவ்வொரு ஊசியாக எடுக்கிறான். மெதுவாக, முடி இழுபடாமல். எடுத்ததைக் கடதாசித் தட்டில், மிஞ்சிய பற்றிஸ் பலகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கிறான். ஜெர்மன் பாஷையில் எண்ணுகிறான். அவளையும் சொல்லச் சொல்கிறான். அவள் பிழையாகச் சொல்ல, அவன் சிரிக்க, எண்ணிக்கை பிழைத்துப்போய்த் திரும்ப ஒன்றிலிருந்து. "தலைக்குள்ள ஹார்ட்வெயார் கடையே வைச்சிருக்கிறீர்?" என்கிறான். அவள் சிரிக்கிற சிரிப்பு, நான் மூன்று கிழமை எடிட் செய்த வீடியோவில் ஓரிடத்திலும் இல்லாதது. காதைத் தொடவே இல்லை.

பிறகு இவருடைய வயிறு கமெராவை மறைக்கிறது. முடிந்தது.

நான் சுகந்தியைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது அழவில்லை. கையைத் தூக்கித் தன் பின்தலையைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு உண்மையாத்தான் சந்தோசமா இருந்தனான் அக்கா."

"தெரியுது பிள்ளை."

"இதைச் சொன்னால் கேஸ் பழுதாப் போகும் எண்டு..."

இவர் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது பிழை பிள்ளை. நல்லதையும் சொல்லலாமாம்."

கசெட்டின் முதுகில் ஒரு சின்னச் சிவப்புத் தாழ்ப்பாள். தள்ளிவிட்டால் மேலே பதியாது. தள்ளிவிட்டு என் கையில் தந்தார்.

செப். 14, திங்கள்

வெயில். உடுப்பெல்லாம் ஒரே தரத்தில் காய்ந்தது.

சுகந்தி சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. மரக்கறி வெட்டும்போது, உடுப்பு மடிக்கும்போது. நான் கையில் கிடைத்த கடதாசியில், கேதீஸ் செய்த நல்லதுகளை:

பஸ்ஸில் மேல்தட்டு முன்சீற் கிடைக்கும் வரைக்கும் இரண்டு பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது. லண்டன் பார்க்க.
ஏப்ரலில் பனி விழுந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தது. அவள் பனி பார்த்ததில்லை என்பதற்காக.
தாயோடு கதைக்கப் போன் கார்ட், கேட்காமலே.
அவளுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துப் பானையைக் கரித்தது.

"அப்ப எப்ப மாறினது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ.

ஒரு நாளில் இல்லையாம். முதலில் போன் கார்ட் நின்றது. பிறகு, கடையில் எந்த ஆம்பிளையோடு சிரித்தாய் என்று. பிறகு மச்சாள் வந்து வீட்டில் நின்றது. பிறகு கை. ஒவ்வொன்றுக்கும் பிறகு, முந்திய கேதீஸ் திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"நான் அடிக்குப் பயந்து பொறுத்துக்கொண்டு இருக்கேல்லை அக்கா. அந்த ஊசி எடுத்த மனுசனுக்காகத்தான் இருந்தனான். அந்த ஆள் வரமாட்டார் எண்டு விளங்கினாப் பிறகுதான் உங்களுக்குப் போன் எடுத்தது."

கடதாசியில் எழுத ஏலவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பின்னேரம் சோறு வடிக்கும்போது ஒரு யோசனை. நாளைக்கு யாராவது வந்து, நீயும் உன் புருஷனும் உண்மையாக வாழ்ந்தீர்கள் என்று காட்டு என்றால்? ஊர் முழுக்க வீடியோ எடுக்கிற எங்களுக்கு ஒரு கலியாண வீடியோ இல்லை. அந்த நேரம் ஊரில் வீடியோக் கமெராவும் இல்லை, மின்சாரமும் இல்லை. எங்களிடம் இருப்பவை:

படம் மூன்று. ஒன்றில் இவர் கண்ணை மூடியிருக்கிறார்.
கரண்ட் பில் இவர் பெயரில். லைப்ரரி கார்ட் என் பெயரில்.
இவருடைய குளிர்கோட்டில் மூன்று விதமான பொத்தான், எல்லாம் நான் தைத்தது.
என் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று இவருக்குத் தெரியும். தன்னுடையதற்கு எவ்வளவு என்று தெரியாது.

எந்தக் கந்தோர் நம்பும்?

செப். 16, புதன்

கசெட்டிலிருந்து எடுத்த டிவிடியை லோயர் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். தமிழ் விளங்காது. நான் வாயைத் திறக்க, கை காட்டி நிறுத்தினார். "வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்." முழுவதும் பார்த்துவிட்டுத்தான் அர்த்தம் கேட்டார். ஹார்ட்வெயார் கடைக்குச் சிரித்தார்.

புது வாக்குமூலம். பழையதற்கும் இதற்கும் ஏன் வித்தியாசம் என்பதையும் அதிலேயே எழுதச் சொன்னார், மறைக்க வேண்டாமாம். "நல்லது சொன்னால் நம்பமாட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்" என்று சுகந்தி சொன்னாள். அப்படியே போட்டார். நானும் இவரும் சாட்சியாகக் கையெழுத்து: கசெட் எங்களுடையது, நாங்கள் எடுத்தது, மாற்றம் செய்யவில்லை.

இவருடைய முகத்தில் கந்தோர் முகம் தொடங்க, லோயர், "ஐயா, நீங்கள் சிரிக்கலாம்" என்றார். இவர் திடுக்கிட்டுச் சிரித்தார். முன் பல் ஒன்று கறுத்திருக்கிறது. பல் டொக்டரிடம் நேரம் எடுக்க வேண்டும்.

படிக்கட்டில் இறங்கும்போது சுகந்தி: "அக்கா, கோழிக்கடை வாசத்தில பசிக்குது." பசிக்குது என்று அவள் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

அக். 17, சனி

தீபாவளி. மழை.

பலகாரம் வேண்டாம், இந்த வருடம் ஒரு வீட்டிலும் இல்லை என்றேன். சுகந்தி பயற்றம்பணியாரம் மட்டும் சுட்டாள், சாமிக்கு. முகாமில் தாய்க்குக் கிடைக்காததைத் தான் சாப்பிட ஏலாதாம். சாப்பிட்டது இவரும் ஆரணியும். எண்ணெய் கூட என்று குறை வேறு.

மோர்டன் மண்டபத்துக்காரர் ஒரு மாதமாக வேலை சொல்லிப் போன் எடுக்கவில்லை. கேதீஸின் அத்தானின் கூட்டாளி அவர். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது போல. இவர், "இங்க நோர்பரியில சனம் கலியாணம் கட்டாமலே விடப்போகுது?" என்றார். சத்தமாகச் சொன்னார். தனக்கே சொன்னது.

அக். 23, வெள்ளி

தபால் வேலைநிறுத்தம், இரண்டாம் நாள். தெருவில் சிவப்பு வான் இல்லை.

முடிவுக் கடிதம் லோயருக்குத்தான் போகும், எங்கள் வீட்டுக்கு வராது என்று எத்தனை தரம் சொன்னாலும் சுகந்தி கதவடிக்குப் போய் வருகிறாள். கடிதப் பொந்தைத் தள்ளிப் பார்க்கிறாள். இன்று ஒரு பீட்ஸா விளம்பரம். அதைக் கூட விரித்து முழுவதும் படித்தாள். இங்கிலீஷ் பழகவாம்.

ஆரணியிடம்: "தங்கச்சி, எக்ஸ்ட்ரா ரொப்பிங் எண்டால் என்ன?"

"மேல போடுறது அக்கா."

"அப்ப நாங்கள் கசெட்டில செய்யிறதுதான்."

முதல் பகிடி. ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தலையணையில் துவாய் இல்லை. எப்போது எடுத்தாள் என்று கவனிக்கவில்லை.

டிச. 18, வெள்ளி

பனி! இரவு கொட்டியிருக்கிறது. தெரு முழுக்க வெள்ளை, காருக்கும் மதிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் லோயரின் போன். விசா கொடுத்துவிட்டார்களாம். நிரந்தரமாக. இவ்வளவு கெதியாக வருமென்று தானும் நினைக்கவில்லையாம். நேற்று வந்த கடிதம், பின்னேரம் கந்தோரை விட்டுப் போனதால் இன்றுதான் பார்த்தாராம். "அந்தக் கொண்டை ஊசிப் பெண்ணிடம் சொல்லுங்கள்," என்றார். பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும்.

சுகந்தி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஓம் என்றாள். அரிசியை இன்னொரு தண்ணியில் கழுவி, உலை வைத்து, கையைத் துடைத்து, பிறகு குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். நிலம் சரியான குளிர். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோறு குழைந்துபோயிற்று.

"அம்மாவை இனிப் போய்ப் பாக்கலாமே அக்கா? போயிட்டுத் திரும்பி வரலாமே?"

"திரும்பி வரலாம் பிள்ளை."

முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்காரரின் போனுக்கு எடுத்தாள். லைன் வெட்டி வெட்டி. தாய் சொன்னது ஒன்றுதான் எங்களுக்குக் கேட்டது: "சாப்பிட்டியே?"

பிறகு மேலே வந்து அந்தக் கசெட்டைக் கேட்டாள். என் மேசை லாச்சியில்தான் இவ்வளவு நாளும். கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு மேல அடிக்கலாமே அக்கா?"

"ஏன் பிள்ளை, உன்ர சந்தோசம் எல்லோ... அது கிடக்கட்டும்."

"என்ர சந்தோசத்துக்கு இனி அரசாங்கத்திட்ட ஒரு கொப்பி இருக்குத்தானே. எனக்கு எதுக்கு?" சிரித்தாள். காதைத் தொடவில்லை. நகத்தால் அந்தச் சிவப்புத் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள். "அண்ணையிட்டக் கமெராவைக் கேளுங்கோ. பனி எடுக்கப்போறன்."

இவர்: "கமெராவோ? பொஞ்சாதியைக் கேட்டாலும் தருவன். கமெராவை ஒருத்தரும் தொடுறேல்லை."

தந்தார். ஸ்டாண்ட் வேண்டுமா, கையுறை போட்டுக்கொள், லென்ஸில் பனி படக்கூடாது, என்று பின்னாலேயே வாசல் வரைக்கும்.

இதை எழுதும்போது ஜன்னலுக்குக் கீழே அவர்கள். இவர் மண்வெட்டியோடு, என் பழைய சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு. அவள் கமெராவைப் பிடித்தபடி பின்பக்கமாக நடக்கிறாள்.

"எடுக்காதை பிள்ளை, எடுக்காதை! என்னை ஆரும் எடுக்கிறேல்லை!"

"அசையாதேங்கோ அண்ணை. தாடையைத் தூக்குங்கோ. வடிவா இருக்கு."

இருபது வருடம் அவர் சனத்துக்குச் சொன்னதை அவருக்கே சொல்கிறாள்.

இப்போது என் பக்கம் திருப்புகிறாள். "அக்கா, கீழ வாங்கோ! அண்ணை தனிய நிண்டு முழுசுறார்! ரெண்டு பேரையும் சேத்து எடுக்கவேணும்!"

சேலை கட்ட வேண்டாமாம், இருக்கிறபடியே வரட்டாம். இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கத்துகிறார், தெருவுக்கே கேட்கிறது: "தலையையாவது சீவிக்கொண்டு வாரும்!"

சீப்பைக் காணவில்லை.